பத்து ரூபாய் எப்போது நாணயமாகும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம், கூவத்தூர் என்று ஊர்கள் கடந்து கடப்பாக்கம் வரும். அங்கே கடல் பக்கம் திரும்பினால், உப்பங்கழியின் ஓரத்தில் ஆலம்பரைக் கோட்டை இடிந்து கிடக்கிறது. சினிமாப் படப்பிடிப்புக்காரர்களுக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கும் அது நல்ல பின்னணி. 18ஆம் நூற்றாண்டில் அந்தச் செங்கல் மதிலுக்குள் ஒரு நாணயச்சாலை இருந்தது. ஆர்க்காட்டு நவாப் தோஸ்த் அலி கானின் காலம் அது. 1736இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலேயே ரூபாய் அடித்துக்கொள்ளும் உரிமையை அவரிடம் பெற்றார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை தம் புகழ்பெற்ற நாட்குறிப்பைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1760இல் ஆங்கிலேயர் பிடித்து இடித்தார்கள். மிச்சம் இருந்ததில் ஒரு பகுதியை 2004 சுனாமி பார்த்துக்கொண்டது.

காசு அடிக்கும் உரிமைக்கு ஏன் இத்தனை பேரம்? வெள்ளிக் கட்டியோடு வரும் வணிகர், முத்திரை விழுந்த ரூபாயோடு திரும்புவார். நடுவில் நாணயச்சாலை தன் பங்கை எடுத்துக்கொள்ளும். கட்டிக்கும் காசுக்கும் இடையிலுள்ள வித்தியாசம், அடிப்பவருக்கு லாபம். ஆட்சியாளர்கள் ஒருவரோடொருவர் அடித்துக்கொண்டது அதற்கும் சேர்த்துத்தான்.

அந்த வித்தியாசம் இன்றும் உண்டு, வேறு உருவத்தில். மாமல்லபுரம் பேருந்து நிலையத்துப் பக்கம் இளநீர் குடித்துவிட்டுப் பத்து ரூபாய் நாணயங்களை நீட்டிப் பாருங்கள். “இது இங்க ஓடாதுண்ணா, நோட்டா இருந்தா குடுங்க” என்று பதில் வர நிறையவே வாய்ப்புண்டு. அரசு அடித்த காசு, சட்டப்படி செல்லும் காசு, கள்ளக்காசும் இல்லை. ஆனாலும் ஓடாது. அதே கடையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களை யாரும் திருப்பித் தருவதில்லை. ஒரு தொகையைத் தாளில் அச்சிடுவதா, உலோகத்தில் அடிப்பதா என்ற கேள்வி ஒரு ரூபாயில் சுமுகமாக முடிந்தது. பத்து ரூபாயில் வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் காரணம் உலோகத்தில் இருக்கிறதா, தாளில் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

முதலில் உலோகம். நாணயத்துக்கும் தாளுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள தொகைகள் நாணயம், மேலே உள்ளவை தாள். கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. உலோகத்தின் விலை அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் அது முதலில் கீழ்நோக்கித்தான் தள்ளப்பட்டது.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது வெள்ளி விலை ஏறியது. ஒரு ரூபாய் என்பது அப்போது 11.66 கிராம் எடையுள்ள வெள்ளி நாணயம். பன்னிரண்டில் பதினோரு பங்கு சுத்த வெள்ளி. காசாக வைத்திருப்பதைவிட உருக்கினால் லாபம் என்ற நிலை வந்தால் மக்கள் என்ன செய்வார்கள் என்று அரசுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 1917 நவம்பர் 30 அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தோடு முதல் ஒரு ரூபாய்த் தாள் வெளிவந்தது. அதாவது, இந்தியாவில் ஒரு ரூபாய்த் தாள் பிறந்ததே உலோகத்துக்கு மாற்றாக. மறு ஆண்டு அமெரிக்கா பிட்மன் சட்டத்தின் கீழ்த் தன் கருவூலத்தில் கிடந்த 25 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி, இந்தியாவின் தேவைக்காகப் பிரிட்டனுக்கு விற்றது. நம் பாட்டன்மார் நம்பிய வெள்ளி ரூபாய்க்காக அமெரிக்காவின் டாலர்கள் உலைக்குப் போன கதை நம் பாடப்புத்தகங்களில் இல்லை. 1926இல் அந்தத் தாள் நிறுத்தப்பட்டு, இரண்டாம் உலகப் போர் வந்ததும் 1940இல் திரும்பி வந்தது. அதே ஆண்டு ரூபாய் நாணயத்திலிருந்த வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளி முழுவதும் போய் நிக்கல் வந்தது.

வெள்ளி போன பிறகு இந்தத் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தால், 2007 இருக்கிறது. 1992இல் வந்த ஐந்து ரூபாய் நாணயம் பலருக்கும் நினைவிருக்கும்: தடிமனாக, உள்ளங்கையில் கனத்துக்கிடக்கும். 9 கிராம் எடை. முக்கால் பங்கு செம்பு, கால் பங்கு நிக்கல். அப்படியானால் ஒரு நாணயத்தில் செம்பு 6.75 கிராம், நிக்கல் 2.25 கிராம். 2007 மே மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் நிக்கல் டன்னுக்கு 50,000 டாலரைத் தாண்டியது. செம்பு 7,500 டாலர் அளவில் இருந்தது. டாலர் ஏறக்குறைய 41 ரூபாய். கணக்கைப் போட்டால் நிக்கலின் மதிப்பு 4 ரூபாய் 60 காசு, செம்பின் மதிப்பு 2 ரூபாய் 10 காசு. ஐந்து ரூபாய் நாணயத்துக்குள் 6 ரூபாய் 70 காசு மதிப்புள்ள உலோகம்! இந்திய நாணயங்களை எல்லை தாண்டி வங்கதேசத்துக்குக் கடத்தி உருக்கிச் சவர பிளேடு செய்கிறார்கள் என்று கொல்கத்தாவிலிருந்து செய்திகள் வந்ததும் அந்த ஆண்டில்தான். ஐந்து ரூபாய் எஃகுக்கு மாறி, எடை 9 கிராமிலிருந்து 6 கிராமுக்கு இறங்கியதும் அந்த ஆண்டில்தான்.

எனவே நாணயத்தை வடிவமைப்பவருக்குக் கயிற்றின் மேல் நடக்கும் வேலை. உலோகம் மலிவாக இருந்தால் கள்ளக்காசுக்காரருக்கு ஆசை வரும்; விலை உயர்ந்ததாக இருந்தால் உருக்குபவருக்கு ஆசை வரும்.

இப்போது தாள். நாம் தாள் என்று சொன்னாலும் ரூபாய் நோட்டு மரக்கூழ்க் காகிதம் இல்லை, பருத்தி இழை. செய்தித்தாளைச் சட்டைப்பையில் வைத்துத் துவைத்தால் கூழாகிவிடும். ரூபாய் நோட்டு கசங்கி வெளியே வரும். பருத்தி இழைகள் நீளமானவை, ஒன்றோடொன்று பின்னிக்கொள்பவை. இவ்வளவு உறுதியானது ஏன் பத்து ரூபாய் வடிவத்தில் சில மாதங்களிலேயே கந்தலாகிறது?

மடிப்பு ஒரு காரணம். ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் மடிப்புக் கோட்டில் சில இழைகள் அறுகின்றன. 500 ரூபாயை மடிக்காமல் வைப்பவர்கள்கூடப் பத்து ரூபாயை எட்டாக மடித்துச் சுருக்குப் பையில் திணிப்பார்கள். கைமாறும் வேகமும் அதற்கு அதிகம். ஆனால் நோட்டு கிழிந்து சாவதைவிட அழுக்கேறிச் சாவதே அதிகம். நெதர்லாந்து மத்திய வங்கியின் ஆய்வாளர்கள் இதை நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள். நோட்டின் அழுக்கு என்று நாம் நினைக்கும் மஞ்சள் பழுப்பு பெரும்பாலும் தெருப் புழுதி இல்லை. நம் தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை விரலிலிருந்து இழைக்குள் இறங்குகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மெல்ல மஞ்சளாக்குகிறது. பழைய நோட்டின் நிறம், அதைத் தொட்ட ஆயிரம் பேரின் விரல்களுடையது. இந்தப் பசையை மட்டும் எடுத்துவிட்டு நோட்டைக் காப்பாற்ற முடியுமா என்று 2014இல் நபில் லவாண்டி, ஆந்திரே ஸ்முக் என்ற இருவர் அமெரிக்காவில் சோதித்தார்கள். கார்பன் டை ஆக்சைடை மிகுந்த அழுத்தத்தில் வைத்துச் சூடாக்கினால் அது வாயுவுமில்லாத திரவமுமில்லாத ஒரு நிலைக்கு வரும். காபிக் கொட்டையிலிருந்து காஃபீனைப் பிரித்தெடுக்கப் பயன்படுவது அதுதான். அதில் நோட்டுக் கட்டுகளை வைத்தபோது எண்ணெய் கழன்று வந்தது, பாதுகாப்பு அடையாளங்கள் தப்பின. நல்ல வேதியியல். ஆனால் ஒரு பத்து ரூபாய்த் தாளை இப்படி உபசரிக்கக் கட்டுப்படியாகாது.

கடற்கரையில் உப்பும் சேர்கிறது. சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவது அதனால்தான். மீன் விற்ற கையோடு வாங்கிய நோட்டில் உப்பு நீர் ஏறிவிட்டால் அது வெயிலில் காய்ந்த பிறகும் உப்பு இழைகளுக்கு நடுவே தங்கிவிடும். விடியற்காலை ஈரக்காற்று அடிக்கும்போது நோட்டு மறுபடி நமுத்துப்போகும், உச்சி வெயிலில் காயும், மறுபடி நமுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பருத்தி உப்பிச் சுருங்கும். கோவளத்திலும் தேவனேரியிலும் மீன் விற்கும் அக்காமார்கள் இடுப்பில் செருகியிருக்கும் நோட்டுகளுக்கு மயிலாப்பூர் அலுவலகத்து மேசையறை நோட்டின் ஆயுசு வாய்க்காது.

இதற்கு ஒரு நடுவழியும் யோசிக்கப்பட்டது. ஆஸ்திரேலியா 1988இல் பிளாஸ்டிக் நோட்டைக் கொண்டுவந்தது. இலங்கை 1998இல் 200 ரூபாயில் ஒரு நினைவு நோட்டை அப்படி வெளியிட்டது. பிளாஸ்டிக்கில் எண்ணெய் இறங்காது, மேலேயே நிற்கும். 2014இல் நம் அரசும் நாடாளுமன்றத்தில் அறிவித்தது: கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், சிம்லா, புவனேசுவர் ஆகிய ஐந்து ஊர்களில் 100 கோடி பத்து ரூபாய் பிளாஸ்டிக் நோட்டுகளைச் சோதனையாக விடப்போவதாக. ஈரம், வறட்சி, குளிர், கடற்காற்று என்று தட்பவெப்பம் வேறுபடும் ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தேர்வு சரிதான். நோட்டு இன்னும் நம் கைக்கு வரவில்லை.

நாணயத்துக்குக் கடல் என்ன செய்யும்? ஒன்று, இரண்டு ரூபாய்கள் எஃகு: 83 பங்கு இரும்பு, 17 பங்கு குரோமியம். குரோமியம் காற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்வதால் இரும்பு துருப்பிடிப்பதில்லை. அந்தப் படலத்தைத் துளைக்கத் தெரிந்தது உப்பிலுள்ள குளோரைடு. மாலிப்டினம் சேர்த்த எஃகு அதைத் தாங்கும், விலை கூடும். மாலிப்டினம் இல்லாத நாணய எஃகில் கடலோர ஈரத்தில் நாள்பட்டுக் கிடந்தால் சிறு பழுப்புப் புள்ளிகள் விழும். ஆனால் கைமாறிக்கொண்டே இருக்கும் காசு தேய்ந்து தன்னைத் தானே துலக்கிக்கொள்ளும்.

பத்து ரூபாய் நாணயம் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான பொருள். 27 மில்லிமீட்டர் விட்டம், 7.71 கிராம். வெளி வளையம் மஞ்சள்: 92 பங்கு செம்பு, 6 பங்கு அலுமினியம், 2 பங்கு நிக்கல். கப்பல்களின் சுழல்விசிறிகளை வார்க்கும் அலுமினிய வெண்கலக் குடும்பத்தைச் சேர்ந்தது இந்தக் கலவை. உப்பு நீரிலேயே ஆண்டுக்கணக்கில் சுழல வேண்டியதற்கு எது தாங்குமோ, அதன் நெருங்கிய உறவு நம் சட்டைப்பையில். உள்வட்டம் வெள்ளை உலோகம். இரண்டையும் பசை போட்டு ஒட்டுவதில்லை. தனித்தனியாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, முத்திரை அடிக்கும் அழுத்தத்திலேயே ஒன்றின் விளிம்பு மற்றதற்குள் பிதுங்கிப் பூட்டிக்கொள்கிறது. கள்ளக்காசு அடிப்பவருக்கு இந்த இணைப்பு தலைவலி. தானியங்கி எந்திரங்களுக்கோ வசதி: இரு உலோகங்களின் மின்காந்தக் குணத்தையும் அளந்து உண்மையா பொய்யா என்று சொல்லிவிடும்.

இங்கே ஒரு சின்ன விலகல். காசை எண்ணிய கையை முகர்ந்தால் வரும் ‘காசு வாடை’ உலோகத்தின் வாடை இல்லை. 2006இல் ஜெர்மானிய, அமெரிக்க வேதியியலாளர்கள் அதைப் பகுத்துப் பார்த்தார்கள். தோலின் எண்ணெய், இரும்போடும் செம்போடும் வினைபுரிந்து சில சேர்மங்களை உண்டாக்குகிறது. அவற்றின் நெடிதான் அது. நோட்டை மஞ்சளாக்கும் அதே எண்ணெய், நாணயத்தில் வாடையாகிறது. இரண்டிலும் நாம் பார்ப்பதும் முகர்வதும் நம்மையே.

சரி, கணக்கு என்ன சொல்கிறது? தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பெறப்பட்ட பதில்களின்படி, 2021-22இல் ஆயிரம் பத்து ரூபாய் நோட்டுகளை அச்சிட 960 ரூபாய் ஆனது. ஒரு நோட்டுக்கு 96 காசு. 2018இல் வெளியான இன்னொரு பதிலின்படி பத்து ரூபாய் நாணயம் ஒன்றை அடிக்க 5 ரூபாய் 54 காசு. நோட்டு சராசரியாக ஓராண்டு ஓடும் என்றும் நாணயம் இருபது ஆண்டு ஓடும் என்றும் வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 96 காசு ஒரு பக்கம், 28 காசு மறுபக்கம். நாணயம் ஜெயிக்கிறது. ஆறு நோட்டுகளின் ஆயுளைத் தாண்டிவிட்டாலே போதும், அடித்த செலவு எடுபட்டுவிடும்.

கிழிந்த நோட்டு இன்னும் சில செலவுகளை இழுத்துக்கொண்டுதான் சாகிறது. கிளையிலிருந்து ரிசர்வ் வங்கிக்குப் போக வேண்டும். அங்கே எந்திரம் அதை எண்ணி, உண்மை பார்த்து, பொடிப்பொடியாக நறுக்கி, அழுத்திக் கட்டியாக்கும். நாணயத்துக்கு இந்த அந்திமக் கிரியை பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான்.

இன்னொரு வரவும் உண்டு. நோட்டை வெளியிடுவது ரிசர்வ் வங்கி; நாணயத்தை அடிப்பது ஒன்றிய அரசு. மும்பை, கொல்கத்தா, ஐதராபாத், நொய்டா நாணயச்சாலைகளில் அடித்த காசை ரிசர்வ் வங்கி முகமதிப்புக்கே வாங்கிக்கொள்கிறது. ஐந்தரை ரூபாய்க்கு அடித்ததைப் பத்து ரூபாய்க்குக் கொடுத்தால் மிச்சம் நாலரை ரூபாய் அரசுக்கு வரவு. ஆலம்பரையில் நவாபுக்குக் கிடைத்ததன் வாரிசு இது.

இந்தக் கணக்கில் சொல்லாமல் விட்ட ஒரு நிபந்தனை இருக்கிறது. இருபது ஆண்டும் நாணயம் ஓட வேண்டும். டப்பாவில் கிடக்கக் கூடாது. கிடந்தால் அரசு அதற்கு மாற்றாக இன்னொன்றை அடிக்க வேண்டும். 28 காசு எகிறிவிடும். பத்து ரூபாய் நாணயம் தோற்றது உலைக்களத்தில் இல்லை, இந்த நிபந்தனையில்.

ஒரு ரூபாய் எப்படி ஜெயித்தது என்று பார்த்தால் இது விளங்கும். 1994 நவம்பரில் ஒரு ரூபாய்த் தாள் அச்சிடுவது நின்றது. 1995 பிப்ரவரியில் இரண்டு ரூபாய், அதே ஆண்டு நவம்பரில் ஐந்து ரூபாய். அச்சகங்கள் பெரிய நோட்டுகளுக்கு விடுபட்டன. மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. தாள் வரத்து நின்றது, இருந்தவை கிழிந்து தீர்ந்தன, மிஞ்சியது நாணயம். இடையில் சிக்கல்கள் வந்தன என்பது உண்மை. நாணயச்சாலைகளால் ஈடுகொடுக்க முடியாமல் தொண்ணூறுகளின் இறுதியில் அயல்நாட்டு நாணயச்சாலைகளில் இந்தியக் காசை அடித்து இறக்குமதி செய்தார்கள். கடைகளில் மீதிச் சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுத்த காலம். 2001இல் ஐந்து ரூபாய்த் தாளைத் திரும்பக் கொண்டுவரவும் வேண்டியிருந்தது. ஆனாலும் ஒரு ரூபாய்க்கு எதிரே தாள் என்ற போட்டி இல்லாததால் நாணயம் நிலைத்தது. 2015இல் ஒரு ரூபாய்த் தாளை அரசு மறுபடி வெளியிட்டது. மொய்க் கவரில் வைக்கப் பயன்பட்டதைத் தவிர அது எதையும் மாற்றவில்லை.

பத்து ரூபாயில் தாள் நிற்கவே இல்லை. 2009 வாக்கில் இரு உலோக நாணயம் புழக்கத்துக்கு வந்தது, நோட்டும் அச்சாகிக்கொண்டே இருந்தது. 2018 ஜனவரியில் கொனாரக் சக்கரத்தோடு புதிய பழுப்பு நோட்டும் வந்தது. ரிசர்வ் வங்கியின் அண்மை ஆண்டறிக்கைகளில், புழக்கத்திலுள்ள நோட்டுகளின் எண்ணிக்கையில் 500 ரூபாய்க்கு அடுத்த இடம் பத்து ரூபாய்க்குத்தான். ஏறத்தாழ ஆறில் ஒன்று. மாற்று வந்த பிறகும் பழையது இத்தனை கோடியாக ஓடுகிறது என்றால், மாற்று வரவில்லை என்றே பொருள்.

இரண்டும் சேர்ந்து கிடைக்கும் இடத்தில் வதந்தி நுழைய ஒரு விரிசல் போதும். பத்து ரூபாய் நாணயம் பல வடிவங்களில் வந்திருந்தது. முதலில் வந்தவற்றில் பதினைந்து கதிர்கள், ரூபாய்க் குறியீடு இல்லை. 2011க்குப் பிறகு வந்தவற்றில் பத்துக் கதிர்களும் குறியீடும். நினைவு நாணயங்கள் வேறு. எது நிஜம் என்ற கேள்வி செல்பேசிகளில் பரவியது. 2016 நவம்பர் 8 பணமதிப்பு நீக்கம். நாடே பணத்துக்கு வரிசையில் நின்ற அந்த மாதம் 20ஆம் தேதி, பத்து ரூபாய் நாணயங்கள் செல்லும் என்று ரிசர்வ் வங்கி தனியாக அறிக்கை விட வேண்டியிருந்தது. 2018 ஜனவரி 17 அன்று மறுபடி: 14 வடிவங்களும் செல்லும். அதே ஜனவரியில் நான்கு நாணயச்சாலைகளும் அடிப்பதை நிறுத்திவைத்தன. அடித்து வைத்த காசை எடுத்துப்போக ஆளில்லை, கிடங்கு நிறைந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இந்த மறுப்பு வேரூன்றியது. ஆட்சியர்கள் எச்சரித்தார்கள். பத்து, இருபது ரூபாய் நாணயங்களை வாங்க மறுக்கக் கூடாது என்று போக்குவரத்துக் கழகம் நடத்துநர்களுக்கு உத்தரவிட்டது. 2022இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர், சேர்த்த பத்து ரூபாய் நாணயங்களைக் கொண்டே சேலத்தில் ஆறு லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கினார். மொத்தமும் நாணயம் என்றால் 60,000 காசு, 460 கிலோவுக்கு மேல். காரில் ஏற்றினால் கார் திணறும்.

இளநீர்க்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, மார்க்கெட்ல வாங்க மாட்டேங்கறான்” என்பார். மார்க்கெட்டில் கேட்டால் வாடிக்கையாளர் வாங்குவதில்லை என்பார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள், ஒவ்வொருவர் சொல்வதும் உண்மை. பொருளாதாரத்தில் ஆட்டக் கோட்பாடு என்றொரு பிரிவு இதைத்தான் ஆராய்கிறது. எல்லோரும் வாங்கினால் வாங்குவது புத்திசாலித்தனம். எல்லோரும் மறுத்தால் மறுப்பதே புத்திசாலித்தனம். இரண்டும் நிலையான முடிவுகள். ஓர் ஊர் எந்த முடிவில் போய் உட்கார்ந்துவிட்டதோ, அதிலிருந்து ஒரு தனி ஆள் நகர்ந்தால் அவருக்கு நட்டம். சுற்றறிக்கையால் இதை அசைக்க முடியாததற்குக் காரணம், அது ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசுகிறது என்பதுதான். நோட்டு அச்சிடுவது நின்றால் அது எல்லோருக்கும் ஒரே நாளில் தெரியும்.

அயல்நாடுகளின் அனுபவமும் இதே. பிரிட்டன் 1983இல் ஒரு பவுண்டு நாணயத்தை விட்டது, 1988இல் தாளைத் திரும்பப் பெற்றது. கனடா 1987இல் டாலர் நாணயம், 1989இல் தாள் அச்சிடுவதை நிறுத்தியது. இரண்டிலும் நாணயம் நின்றது. அமெரிக்கா 1979, 2000, 2007 என்று மூன்று முறை டாலர் நாணயம் விட்டுப் பார்த்தது; தாளை மட்டும் தொடவில்லை. நாணயங்கள் கிடங்கில் குவிந்தன, 2011 இறுதியில் புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்தினார்கள்.

அமெரிக்கக் கதையில் நாணயக் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காத பின்குறிப்பு ஒன்று உண்டு. தாளை ஒழித்து நாணயமாக்கினால் முப்பது ஆண்டில் 550 கோடி டாலர் லாபம் என்று 2011இல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. 2019இல் அதே அலுவலகம், நட்டம்தான் வரும் என்று சொன்னது. இடையில் டாலர்த் தாளின் ஆயுள் 3.3 ஆண்டிலிருந்து 7.9 ஆண்டாகக் கூடியிருந்தது. தாள் உறுதியானதாக மாறிவிடவில்லை. எண்ணும் எந்திரங்கள் முன்பு முன்பக்கம் பின்பக்கம் மாறிக் கிடந்த நல்ல நோட்டுகளையும் சேர்த்து நறுக்கிக்கொண்டிருந்தன; அதை நிறுத்தினார்கள், அவ்வளவே. எனவே நம் 96 காசு, 28 காசுக் கணக்கும் கல்லில் பொறித்ததல்ல. பத்து ரூபாய் நோட்டு மூன்றரை ஆண்டு ஓடினால் இரண்டும் சமம்.

எடையையும் மறக்கக் கூடாது. மீன்காரம்மா ஒரு காலையில் இரண்டாயிரம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாக வாங்கினால் ஒன்றரைக் கிலோ இடுப்பில் தொங்கும். நோட்டு என்றால் ஏறத்தாழ 140 கிராம். அரசு மிச்சப்படுத்தும் 68 காசை அவர் இடுப்பு சுமக்கிறது. தணிக்கைக் கணக்குகளில் இந்த வரி இருப்பதில்லை, இருக்க வேண்டும்.

என் கருத்து இது: பத்து ரூபாய்த் தாளை நிறுத்தலாம், இருபது ரூபாய்த் தாளை நிறுத்தக் கூடாது. பத்து நாணயம், இருபது தாள் என்று கோடு வகுத்தால் சுமையும் ஓரளவு குறையும், எது எது என்ற குழப்பமும் தீரும். 2019இல் அறிவித்த இருபது ரூபாய் நாணயம், அதே 27 மில்லிமீட்டர் விட்டத்தில் பன்னிரண்டு பக்கங்களோடு வந்தது. பார்வையற்றவர்கள் விரலால் தடவியே அடையாளம் காணும்படி நன்றாக யோசித்துச் செய்த பொருள். ஆனால் பத்து ரூபாயின் வழக்கே தீராமல் இருக்கும்போது அதைச் சந்தைக்கு அனுப்பியது, இன்னொரு நாணயத்துக்கும் டப்பாவில் இடம் ஒதுக்கியதுபோல் ஆயிற்று. தாளை நிறுத்துவதற்கு முன் நாணயம் போதிய அளவில் கிளைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தொண்ணூறுகளின் மிட்டாய்க் காலம் திரும்பக் கூடாது.

இதற்குள் சில்லறையின் தேவையே மெல்லத் தேய்கிறது. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. செங்கல்பட்டு நகரப் பேருந்தில் நடத்துநர் பையின் சத்தம் அன்றே பாதி குறைந்திருக்கும். இளநீர் வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்குகிறது. நாணயத்தை மறுத்த அதே கடைக்காரர் பத்து ரூபாயை யுபிஐயில் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார். சில்லறை வழங்கும் எந்திரங்களில் முன்பு நோட்டைப் போட்டுக் காசு எடுக்க வேண்டியிருந்தது. உள்ளே விழுந்தவற்றில் கள்ளநோட்டும் இருந்தது பெரிய தொல்லை. 2023 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி வேறொன்றை அறிவித்தது. செல்பேசியில் கியூஆரை வருடினால் கணக்கிலிருந்து தொகை கழிந்து நாணயம் வந்து விழும் எந்திரம், முதலில் 12 ஊர்களில் சோதனையாக. அதில் நோட்டு நுழைய வாயே இல்லை. அப்படியொன்றைக் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தில் வைப்பது எளிது. அதிலிருந்து விழும் பத்து ரூபாயை, முனையத்துக்கு வெளியே டீக்கடையில் வாங்க வேண்டும்.